வண்டி முன்னே, படகு பின்னே

அமெரிக்காவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதுகிறார்கள். சுதந்திர தேவியின் சிலையைப் பற்றி எழுதுகிறார்கள். அங்கே முருங்கைக்காய் என்ன விலை விற்கிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. நான் எழுதப் போவது இவற்றில் எதைப் பற்றியும் அல்ல. ஏரியில் கிடக்கும் ஒரு படகை, வண்டியைக் கொண்டு கரைமேல் இழுப்பது எப்படி என்பதைப் பற்றி!

"இது எங்களுக்கு எதற்கு? எங்கள் வீட்டில் படகும் இல்லை, பக்கத்தில் ஏரியும் இல்லை, ஐப்பசி மழையில் தெருவே ஏரியானால்தான் உண்டு" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சகோதரி. ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிட்டால், எந்த ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வீட்டுக்காரர் கட்டும் இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றாவது தெரியுமா? தெரியும் என்றால், தாராளமாகத் தொடர்கதைக்குப் போய்விடலாம். தெரியாது என்றால், இந்தப் படகு உங்களுக்காகத்தான் கரை ஏறுகிறது.

என் தங்கை இருப்பது மின்னஸோட்டா என்ற மாநிலத்தில். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் குளிர்ப் பிரதேசம். அந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பலகையில் '10,000 ஏரிகள்' என்று போட்டிருக்கும். விளம்பரம் என்றால் ஒன்றைப் பத்தாகச் சொல்வதுதானே உலக வழக்கம்? அவர்களோ குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்! 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 இருக்கின்றனவாம். ஆகையால் படகு என்பது அங்கே சீமான்களின் சொத்து அல்ல. நம் தெருவில் ஸ்கூட்டர் நிற்கிற மாதிரி, சாதாரணக் குடும்பஸ்தர்களின் வீட்டு ஓரத்தில் படகு நிற்கிறது.

எங்கள் மாப்பிள்ளைக்கும் ஒரு படகு இருந்தது. பதினேழு அடி நீளம். அலுமினியத் தகட்டில் செய்தது. பின்புறம் ஒரு மோட்டார். சனிக்கிழமை விடிந்தால் மீன் பிடிக்கப் போய்விடுவார். பிடித்த மீனைக் கொக்கியிலிருந்து பதமாகக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். வீட்டில் எல்லாரும் சைவம்! "மாப்பிள்ளை, அப்புறம் எதற்காகப் பிடிக்கிறீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன். சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

2023 ஜூலையில் ஒரு நாள் இரவு, நெஞ்சு வலிக்கிறது என்றார். விடியும்போது அவர் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. செப்டம்பரில் நான் தங்கையிடம் போய்ச் சேர்ந்தேன். அவளுடைய பெண் ஒரு மாதம் கூட இருந்துவிட்டு, வேறு மாநிலத்தில் தன் கல்லூரிக்குத் திரும்பியிருந்தாள்.

என் தங்கை ஒன்றும் தெரியாத பேதை அல்ல. கணிதத்தில் பட்டம் பெற்றவள். உத்தியோகம் பார்க்கிறவள். பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறவள். இருந்தும், அந்த வீட்டில் இரண்டு மாதமாக அவள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவள் மாதிரி இருந்தாள். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு எப்போது வடிகட்டி மாற்றுவது, பனி தள்ளும் இயந்திரத்தை எப்படிக் கிளப்புவது, வருமான வரிக் காகிதங்கள் எந்தக் கட்டில் இருக்கின்றன – எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை மறைத்து வைக்கவில்லை. இவளும் கேட்க மறுக்கவில்லை. அது அவர் வேலை, இது இவள் வேலை என்று பாகம் பிரிந்துவிட்டது, அவ்வளவுதான். இவள் போய் அவர் மிஞ்சியிருந்தால், குக்கர் மூடியின் ரப்பர் வளையம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவரும் இப்படித்தான் நின்றிருப்பார்.

அக்டோபர் பிறந்தது. மரங்களெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறின. ஒரு நாள் சாயங்காலம் அடுத்த வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். எழுபது வயது இருக்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆமாம், டிரைவராகத்தான்! "உங்கள் படகு இன்னும் தண்ணீரில் இருக்கிறதே" என்றாள்.

அப்போதுதான் தங்கைக்கு அந்த நினைவே வந்தது. வழக்கமாக மே மாதம் படகை இறக்குவார், அக்டோபரில் ஏற்றிவிடுவார். அந்த வருஷம் இறக்கினவர் ஏற்றுவதற்கு இல்லை. அது ஏரிக்கரை மரத்துறையில் கட்டினபடியே ஆடிக்கொண்டிருந்தது.

இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நவம்பர் கடைசியில், அல்லது டிசம்பர் ஆரம்பத்தில் அந்த ஏரிகள் உறைந்துவிடும். ஐஸ் பெட்டியில் கண்ணாடிப் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்து, அது வெடித்துப் போன அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்குமே? தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்துவிடுகிறது. ஒரு பாட்டிலையே உடைக்கிறது என்றால், ஏரி முழுவதும் பனிக்கட்டியாகி நெருக்கும்போது தகட்டுப் படகு எம்மாத்திரம்?

"யாராவது ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லேண்டி. பணம் கொடுத்தால் செய்ய மாட்டார்களா?" என்றேன்.

"செய்வாங்க அக்கா. அடுப்புக்கு ஆளைக் கூப்பிட்டேன். வரிக்கு ஆளைக் கூப்பிட்டேன். புல் வெட்டறதுக்குக் கூப்பிட்டேன். இதுக்கும் கூப்பிட்டா, இந்த வீட்டிலே எனக்குத் தெரிஞ்சது சமையல் உள் மட்டும்தான்னு ஆயிடும். இருபது வருஷமா அந்தப் படகிலே உட்கார்ந்து போயிருக்கேன். அது எப்படித் தண்ணிக்கு வருது, எப்படி வீட்டுக்குப் போகுதுன்னு ஒரு நாளும் பார்க்கலை."

அடுத்த வீட்டு அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன புரிந்ததோ, "ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானம் காலியாக இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வண்டி என்று சொன்னேனே, அது பிக்கப் வண்டி. நம் ஊரில் காய்கறி மூட்டையும் கல்யாணப் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறதே 'குட்டி யானை', அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உட்காரும் அறை, பின்னால் திறந்த தொட்டி. ஆரம்பத்தில் குடியானவர்கள் காருக்குப் பின்னால் தாங்களாகவே பெட்டி அடித்துப் பூட்டிக்கொண்டார்களாம். அதைப் பார்த்து 1925-ல் ஃபோர்டு கம்பெனி தன் 'மாடல் டி' காரில் தொட்டி வைத்தே விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். இன்றைக்கு அந்த நாட்டில் சாமான் ஏற்றுகிறவர்கள் மட்டுமல்ல, ஆபீசுக்குப் போகிறவர்கள் பலரும் அதில்தான் போகிறார்கள். அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு குண்டு இருக்கும். இரண்டு சக்கரமும் இரும்புச் சட்டமுமாக உள்ள 'டிரெய்லரை' அந்தக் குண்டின்மேல் மாட்ட வேண்டும். படகு அந்தச் சட்டத்தின்மேல் சவாரி செய்யும்.

முன்னால் ஓட்டிக்கொண்டு போவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டமெல்லாம் பின்னால் தள்ளுவதில்தான். படகு தண்ணீரில் அல்லவா இருக்கிறது? டிரெய்லர்தான் முதலில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். வண்டி அதைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஒரு விபரீதம் நடக்கிறது. நீங்கள் ஸ்டியரிங் சக்கரத்தை வலப்புறம் திருப்பினால், டிரெய்லர் இடப்புறம் போகிறது! பதறிப் போய் இன்னும் அதிகமாகத் திருப்பினால், பேனாக்கத்தியை மடக்குகிற மாதிரி வண்டியும் டிரெய்லரும் ஒன்றோடொன்று மடங்கி நின்றுவிடுகின்றன. டிரெய்லர் குட்டையாக இருக்க இருக்க, இந்தக் குறும்பு அதிகம். நீளமான பஸ்ஸைவிட இந்தக் குட்டி டிரெய்லர்தான் பொல்லாதது என்று அந்த டிரைவர் அம்மாளே சொன்னாள்.

ஆனால் அதற்கு ஒரு சூட்சுமமும் சொல்லிக் கொடுத்தாள். ஸ்டியரிங் சக்கரத்தின் மேல்பாகத்தைப் பிடிக்காதே; ஒரு கையால் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து. போதும். வலம் இடம் என்று மனசைக் குழப்பிக்கொள்ளவே வேண்டாம். கொஞ்சம் நகர்த்து, என்ன ஆகிறதென்று கண்ணாடியில் பார், பிறகு இன்னும் கொஞ்சம். கோணிக்கொண்டால் வெட்கப்படாதே, வண்டியை முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி வா.

யோசித்துப் பார்த்தால், இது நம் பெண்களுக்குப் புதிய வித்தை அல்ல. கண்ணாடியில் வலம் இடமாகத் தெரிகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே நெற்றிக்கு நடுவில் பொட்டு வைத்துக்கொள்கிறோம். வகிடு கோணாமல் எடுக்கிறோம். யாராவது கணக்குப் போட்டா செய்கிறோம்? கை பழகிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, துணி தோய்க்கும் பிளாஸ்டிக் வாளிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கு நடுவே தங்கை டிரெய்லரைத் தள்ளிப் பழகினாள். முதல் ஞாயிறு ஐந்து வாளிகள் நசுங்கின. இரண்டாவது ஞாயிறு ஒன்றுதான்.

மூன்றாவது வாரம் ஏரிக்குப் போனோம்.

படகு இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஏரிக்கரையில் ஒரு சிமெண்டுச் சரிவு கட்டியிருக்கிறார்கள். நூறு அடி போனால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி இறங்கும்படியான சரிவு. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் போதுமான ஆழத்துக்குப் போகாது. அதிகமானால் வண்டி ஏறத் திணறும். டயர் வழுக்காதிருக்கச் சிமெண்டிலேயே வரிவரியாகக் கீறியிருக்கிறது. பக்கத்தில் நின்று கயிறு பிடிக்க ஒரு மரத்துறை. இது யாருடைய சொத்து என்கிறீர்கள்? பொதுஜனங்களுடையது! 1950-ல் அந்த நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். தூண்டில் முதலிய மீன்பிடிச் சாமான்களின்மேல் விதிக்கும் வரியை மீன்வளத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று. 1984-ல் அதைத் திருத்தி, மோட்டார் படகுக்காரர்கள் எரிபொருளுக்குக் கொடுக்கும் வரியையும் சேர்த்து, அதிலிருந்து ஒரு பங்கை இம்மாதிரித் துறைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். படகுக்காரன் கொடுக்கும் காசு படகுத் துறைக்கே வந்து சேருகிறது. நல்ல ஏற்பாடுதானே?

நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள், பின்னால் மூன்று வண்டிகள். எல்லாரும் உறைவதற்கு முன் படகை எடுக்க வந்தவர்கள். எல்லாரும் ஆண்பிள்ளைகள். குளிர் வெடவெடக்கிறது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மாப்பிள்ளையின் பழைய கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ் – இந்த அலங்காரத்தில் நான் மரத்துறையில் நின்றேன். கயிறு பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. "கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, சும்மா பிடித்துக்கொள்ள வேண்டும். சரிவில் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கவே கூடாது" என்று டிரைவர் அம்மாள் எனக்கு இரண்டே கட்டளைகள் இட்டாள். பிறகு, கட்டியிருந்த இடத்திலிருந்து படகை ஓட்டிவரப் போனாள். போவதற்கு முன் தங்கையைக் கேட்டாள்: "சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை இருக்கிறதா?"

தங்கை விழித்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, வண்டியின் ஆசனத்துக்கு அடியில் கையை விட்டாள். மஞ்சள் பெயிண்ட் அடித்த இரண்டு மரக்கட்டைகள், ஆப்பு மாதிரி சீவினவை, வெளியே வந்தன.

"இதுவா!" என்றாள். "காலிலே இடறுதுன்னு எத்தனை தடவை தூக்கிப் போடப் பார்த்திருக்கேன் அக்கா! ஒவ்வொரு தடவையும் அவர் பேசாம எடுத்துத் திரும்ப அங்கேயே வெச்சுடுவார்."

கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டைக்கு என்ன அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப் பிரேக் என்று ஒன்று இருக்கிறதே, அது பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். சரிவிலோ, பின் சக்கரங்கள்தான் தண்ணீர் ஓரத்தில், பாசி படிந்த சிமெண்டில் நிற்கின்றன. பிரேக் சக்கரத்தை இறுகப் பிடித்துத்தான் இருக்கும்; ஆனால் சக்கரம் தரையைப் பிடிக்காவிட்டால்? வண்டி, டிரெய்லர் எல்லாம் நிதானமாக ஏரிக்குள் ஸ்நானம் செய்யப் போய்விடும். அப்படிப் போன வண்டிகள் உண்டு. அதனால்தான், உலர்ந்த தரையில் நிற்கும் முன் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வைக்கிறார்கள். சரிவில் இறங்கும்போது வண்டியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஆசன வாரைக் கழற்றிவிடுவதும் இதற்காகத்தான். ஏதாவது ஆனால் வெளியே வர வேண்டும் அல்லவா?

எங்கள் முறை வந்தது. தங்கை வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள். பாதி தூரம் நேராக வந்த டிரெய்லர் திடீரென்று மரத்துறைப் பக்கம் கோணிற்று. முன்னால் எடுத்தாள். மறுபடி வந்தாள். மறுபடி கோணிற்று. பின்னால் காத்திருந்தவர்களில் ஒருவர் இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை; மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மணி, நான் செய்து கொடுக்கட்டுமா? இரண்டு நிமிஷம்தான்."

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் கை ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து பாதி நழுவியிருந்தது. 'சரி' என்ற வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். நாம் எல்லாரும் எத்தனை இடத்தில் அந்த 'சரி'யைச் சொல்லியிருக்கிறோம்!

அதற்குள் படகோடு வந்துவிட்ட டிரைவர் அம்மாள் தண்ணீரிலிருந்தே குரல் கொடுத்தாள்: "வேண்டாம், நன்றி. அவள் செய்துகொண்டிருக்கிறாள்."

அந்த மனிதர் தொப்பியைத் தொட்டுவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பினார். தங்கையின் கை சக்கரத்தின் அடிப்பாகத்துக்குப் போயிற்று. மூன்றாம் தடவை டிரெய்லர் கோடு போட்ட மாதிரி தண்ணீருக்குள் இறங்கிற்று.

பிரேக் போட்டு, கட்டை வைத்து, தங்கை கீழே இறங்கினாள். டிரைவர் அம்மாள் படகின் மூக்கை டிரெய்லரின்மேல் மெல்லக் கொண்டுவந்து வைத்தாள். கயிறு என்னிடம் வந்தது. டிரெய்லரின் முன்பக்கத்தில் கிணற்று ராட்டினம் மாதிரி கைப்பிடி வைத்த ஓர் உருளை இருக்கிறது. அதில் சுற்றியிருக்கும் வாரின் கொக்கியைப் படகின் மூக்கிலுள்ள வளையத்தில் மாட்டிச் சுற்றினால், படகு தானாகச் சறுக்கி மேலே வருகிறது. அதற்கு மேல் ஒரு சங்கிலி. வார் அறுந்தாலும் படகு ஓடாமலிருக்க. பிறகு, அடியிலுள்ள விசிறி சிமெண்டில் தேயாதபடி மோட்டாரை மேலே தூக்கிவிட வேண்டும். டிரைவர் அம்மாள் அதைச் செய்துவிட்டு மரத்துறைக்குத் தாவி வந்தாள். எழுபது வயதில் தாவினாள் என்றுதான் எழுத வேண்டும்.

படகு, மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2,000 பவுண்டு. அதைக் கேட்டு மலைத்துப் போகாதீர்கள். அந்தச் சரிவில் இழுப்பதற்கு 300 பவுண்டு பலம் போதும்; மீதி பாரத்தைத் தரையே தாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் வரை அதுகூட வேண்டாம். கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்போது பூப்போல வருகிறதல்லவா? நீர்மட்டத்தை விட்டு மேலே வந்த பிறகுதானே கை வலிக்கிறது? படகும் அப்படித்தான். அது தண்ணீரை விட்டுப் பிரிகிற அந்த இடத்தில்தான் முழுப் பாரமும் வண்டியின்மேல் விழுகிறது.

சரியாக அந்த இடத்தில்தான் எங்கள் வண்டி மக்கர் செய்தது. தங்கை பிரேக்கை மிதித்துக்கொண்டாள், கட்டைகளை எடுத்தோம், வண்டி நாலு அடி ஏறிற்று. பின் சக்கரங்கள் பாசியில் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தன. ரப்பர் கருகும் நாற்றம். வண்டி முன்னால் போவதற்குப் பதில் அரையடி பின்னால் சறுக்கிற்று. எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது.

"காலை எடு! பிரேக்!" என்றாள் டிரைவர் அம்மாள். கத்தவில்லை, முப்பது வருஷம் முப்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டின குரல் அது. கட்டைகளை மறுபடி முன் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு ஜன்னலருகில் போய் நிதானமாக விளக்கினாள். பிக்கப் வண்டியின் பின்தொட்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரத்தின்மேல் பாரம் குறைவு. பாரமில்லாத சக்கரம் வழுக்கும். ஆனால் முன் சக்கரங்கள் உலர்ந்த சிமெண்டில் இருக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும்படி ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பு. இனிமேல் அழுத்தி மிதிக்காதே. மிதிப்பதால் பலம் வராது, வழுக்கல்தான் வரும். விரல் நுனியால் வீணையைத் தொடுகிற மாதிரி – இந்த உவமை என்னுடையது – காலை வை.

தங்கை திருகைத் திருப்பினாள். காலை வைத்தாள். வண்டி ஒரு முறை முனகிற்று. முன் சக்கரங்கள் தரையைப் பற்றின. ஓர் அடி, இரண்டு அடி. படகின் வயிற்றிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, மொத்தமும் மேலே ஏறிச் சமதரைக்கு வந்து நின்றது. காத்திருந்த ஆண்பிள்ளைகளில் யாரோ ஹாரனை இரண்டு தடவை தட்டினார்கள். பாராட்டாம்!

தங்கை இறங்கி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அடைப்பானைக் கழற்றணும் அக்கா" என்றாள்.

படகின் பின்புறம் கட்டைவிரல் அளவில் ஓர் அடைப்பான் உண்டு. அதைக் கழற்றி உள்ளே உள்ள நீரையெல்லாம் வடித்துவிட்டுத்தான் ரஸ்தாவில் போக வேண்டும். அந்த மாநிலத்தில் அது சட்டம். காரணம், ஒரு சின்னச் சிப்பி. நகத்தளவு இருக்கும், உடம்பெல்லாம் வரிக்குதிரை மாதிரி கோடு. எங்கோ கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்துப் பிராணி. கப்பல்களின் அடித்தண்ணீரில் வந்து சேர்ந்து, 1988-ல் அந்த நாட்டுப் பெரிய ஏரிகளின் பிரதேசத்தில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு குழாய்களை அடைத்து, படகுகளில் அப்பி, ஏரிக்கு ஏரி பரவிவிட்டது. ஒரு ஏரியின் தண்ணீரை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோனால் அதன் குஞ்சும் கூடவே போகும். ஆகவே களையைப் பிடுங்கி, நீரை வடித்து, காயவைத்து – எச்சில் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது போலத்தான். தங்கை அதை வெகு சுத்தமாகச் செய்தாள். அந்த வேலையில் நமக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்?

படகின் பின்னால் மாட்டும் மோட்டார் என்றதும் அந்த ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. நார்வே தேசத்திலிருந்து குடியேறின ஓலே எவின்ரூட் என்ற தொழிலாளி, ஒரு கோடைகாலத்தில் தான் காதலித்த பெண் பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாள் என்று ஏரியைக் கடந்து துடுப்புப் போட்டுப் போனாராம். வாங்கித் திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் பிறந்ததாம் மோட்டார். 1909-ல் விற்பனைக்கு வந்தது. இவ்வளவையும் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் வருவது. அவர் மோட்டார் செய்தார். மனைவியான பெஸ், கம்பெனியின் கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, விளம்பரம் எல்லாவற்றையும் பார்த்தாள். துடுப்பைத் தூக்கி எறியச் சொன்ன அந்த மோட்டாரின் பிரபலமான விளம்பரம் அவள் எழுதியதுதான். 1914-ல் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, ஓலே தன் பங்கையே விற்றுவிட்டு அவளோடு ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டார். அவள் இல்லாமல் அந்தக் கம்பெனியை நடத்துவது அவருக்குச் சரிப்படவில்லை போலும்.

சகோதரி, நானும் பாகப் பிரிவினைக்கு விரோதி அல்ல. வீட்டில் ஒருவர் ஒரு வேலையும் மற்றவர் ஒரு வேலையும் பார்த்தால்தான் குடும்பம் நடக்கும். நான் சொல்வது ஒன்றுதான். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு தடவையாவது, சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்போதே, பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். அவரையும் ஒரு தடவை அடுப்படியில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் அபசகுனம் ஒன்றும் இல்லை. மழை வரும் என்று குடை வாங்கினால் குடையா மழையைக் கூப்பிடுகிறது?

தெரியாத வேலை என்பது தூரத்திலிருந்து பார்த்தால் பலத்தால் செய்கிற வேலை மாதிரி தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால், முக்கால்வாசி வரிசைதான். எதற்குப் பின் எது, எப்போது மிதிப்பது, எப்போது மிதிக்காமல் இருப்பது, கட்டையை எங்கே வைப்பது. முன்னூறு பேருக்குப் பந்தி நடத்துகிற பெண்ணுக்கு வரிசை புதிதா என்ன?

தங்கை அந்தப் படகை வைத்துக்கொள்வாளா, விற்பாளா என்று கேட்டு எழுதாதீர்கள். அது அவள் இஷ்டம். ஆனால் விற்றால், வாங்க வருகிறவனுக்கு அவளே வண்டியில் ஏறி, படகை இறக்கி, ஏற்றிக் காட்டித்தான் விற்பாள். மஞ்சள் கட்டைகளை மட்டும் கொடுக்க மாட்டாளாம். இப்போதே சொல்லிவிட்டாள்.

சரி, இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் உங்கள் வீட்டுக்காரரை மெதுவாகக் கேளுங்கள்: "அந்த ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்கிறது, கொஞ்சம் காட்டுங்கள்." அவர் பயந்துபோய் என்னவென்று கேட்டால், பத்திரிகையில் படகைப் பற்றி ஒரு கட்டுரை படித்ததாகச் சொல்லுங்கள்.